மூன்றாம் தூணின் படங்கள்

ரூமியானாவுக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். அன்று அவள் பேசியது பக்கத்து மேசைக்குக்கூடக் கேட்கவில்லை. எதிரே இருந்த, படம் எடுக்கும் அசென் மட்டும் வெளிறிப்போயிருந்தான்.

வெலிகோ தர்னோவோ நகரில் பாலங்களைச் சோதிக்கும் சின்ன நிறுவனம் அது. தூண்களைக் கிட்டத்தில் போய்ப் படம் எடுப்பார்கள். அந்தப் படங்களில் மயிரிழை விரிசலையும் தேடிப்பிடிக்கும் கணினி நிரல் ரூமியானா எழுதியது. படங்களை, எதையும் இழக்காத டிஃப் கோப்பாகத்தான் சேமிக்க வேண்டும் என்பதில் அவள் பிடிவாதக்காரி. ஜேபெக் கோப்பு படத்தைச் சுருக்கி இடத்தை மிச்சப்படுத்தும். கூடவே நுணுக்கமானதை எல்லாம் மழுக்கிவிடும்.

அம்மாவின் அறுவை சிகிச்சைக்காக அவள் ப்ளெவென் ஊருக்குப் போயிருந்த சமயத்தில் ஆற்றுப்பால வேலை முடிந்து, விரிசல் எதுவும் இல்லை என்று நகராட்சிக்கு அறிக்கையும் போய்விட்டது. திரும்பி வந்தவள் மூன்றாம் தூணின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கான்கிரீட் முழுக்கச் சதுரம் சதுரமாகத் திட்டுகள், ஜேபெக் விட்டுப்போகும் தடம். கோப்பு என்னவோ டிஃப்தான்.

"ஜேபெக்கா சேமிச்சிட்டு, அதையே மறுபடி டிஃபா மாத்தியிருக்கே."

"ஆமாக்கா. நிரல்ல ஒரு வரிதான் மாத்தினேன். டிஸ்க் நிறைஞ்சு போச்சு. அப்புறம் நகராட்சியில டிஃப்தான் வேணும்னுட்டாங்க."

"மாத்தினா, போனது திரும்பி வந்துருமா? மூலப்படம் எங்கே?"

"அழிச்சாச்சு."

"யாரைக் கேட்டு?"

அசென் கண்ணாடிக் கதவைப் பார்த்தான். உள்ளே முதலாளி பிளாமென் பாலாடைக்கட்டி வைத்த பனிட்சா தின்றுகொண்டிருந்தார். ரூமியானாவின் கோபம் அந்தப் பக்கம் திரும்பியது. உள்ளே போய் விஷயத்தைச் சொன்னாள்.

"கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணாத்தானே தெரியுது?" என்றார் பிளாமென்.

"சுவத்துல மாட்டவா படம் எடுத்தோம்? லாரி போற பாலம் அது."

"சின்னப் பையன், தெரியாமப் பண்ணிட்டான். கண்டிச்சுக்கிறேன், விடு."

"ரெண்டு பிள்ளைக்கு அப்பன், அவன் சின்னப் பையனா? அழிக்கச் சொன்னது நீங்க."

பிளாமென் விரல்களைத் துடைத்துக்கொண்டார். "அறிக்கையைத் திரும்ப வாங்கினா அடுத்த வேலை நமக்கு வராது. உன் நல்லதுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளை எழுப்பிவிட்டது. அசெனின் கேமராவைத் துழாவினாள். அதன் நினைவக அட்டையில் மூன்றாம் தூணின் மூலப்படம் ஒன்று அழியாமல் கிடந்தது. அதை டிஃபாக ஒரு தடவை, ஜேபெக்காக ஒரு தடவை சேமித்து, இரண்டையும் நிரலுக்குக் கொடுத்தாள். டிஃபில் தூணின் அடியிலிருந்து மேல்நோக்கி, விரிசலைக் காட்டும் சிவப்புக் கோடு ஓடியது. ஜேபெக்கில் ஒன்றுமே இல்லை.

மடிக்கணினியோடு நேரே நகராட்சிப் பொறியாளர் ஸ்தோயன்காவிடம் போனாள். அந்த அம்மாள் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பிளாமெனுக்கு இது தெரியுமா?"

"தெரியும். கண்டுக்காம விடச் சொன்னார்."

ஸ்தோயன்கா தொலைபேசியை எடுத்து, லாரிகளை அந்தப் பாலத்தில் விடவேண்டாம் என்றாள். மறுபடி படம் எடுக்க அசென் தானாகவே வந்தான். தூக்கு வண்டியில் ஏறி நாள் முழுக்கக் குளிரில் நின்றான். விரிசல் நிஜம்தான், உள்ளே கம்பிவரைக்கும் போயிருந்தது.

தங்கள் நிறுவனமே மறுசோதனை செய்து ஆபத்தைக் கண்டுபிடித்ததாகப் பிளாமென் உள்ளூர்ப் பத்திரிகையில் பேட்டி கொடுத்தார். அதைப் படித்த அன்றே ரூமியானா வேலையை விட்டாள். வேறு வேலை கிடைக்கக் குளிர்காலம் முழுக்க ஆயிற்று.

நடுவில் ஒருநாள் அசென் காபிக்குக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டான். அவள் போனாள், காபி குடித்தாள், பிள்ளைகளை விசாரித்தாள். பரவாயில்லை என்று மட்டும் சொல்லவில்லை.