பின் சீட்டுச் சத்தம்

காது என்று சொன்னால் அந்தப் பக்கம் கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது. அங்கேயே அது பத்திரமாக இருக்கட்டும். முப்பது வருடமாக மெக்கானிக், அதில் இருபத்தைந்து வருடமாகக் காது. காருக்கு அடியில் எது தேய்ந்திருந்தாலும், குனிந்து பார்ப்பதற்கு முன்பே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார் என்பதால் வந்த பட்டம்.

அவருடைய பட்டறைக்குப் பின்னால் ஒரு தெரு. வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போக அவருக்கும் அது ஒன்றுதான் வழி. தண்ணீர்க் குழாய்க்காக மூன்று தடவை தோண்டி, மூன்று தடவையும் அரைகுறையாக மூடிய தெரு. மற்றவர்கள் அதில் வயிறெரிந்துகொண்டே போவார்கள். காதுக்கோ அதுதான் பரிசோதனைக்கூடம். யாராவது வந்து ஒழுங்காகத் தார் போட்டுவிடுவார்களோ என்பது ஒன்றுதான் அவருக்கு இருந்த தொழில் பயம். பழுது என்று வரும் காரை அந்தத் தெருவில்தான் ஓட்டிப் பார்ப்பார். கண்ணாடி நான்கும் இறங்கியிருக்க வேண்டும். ரேடியோ கூடாது. உரிமையாளர் பக்கத்தில் உட்காரலாம், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. ஒருமுறை வக்கீல் ஒருவர், "எனக்கென்னமோ..." என்று ஆரம்பித்தார். காது வண்டியை ஓரங்கட்டி, "நீங்க பேசி முடிங்க சார், அப்புறம் நான் ஓட்டுறேன்" என்றார். மூன்றாவது பள்ளம் தாண்டுவதற்குள் தீர்ப்பு வந்துவிடும். இடது முன்சக்கரம், கீழ் ஆர்ம், பின் புஷ். பிரித்துப் பார்த்தால் அதேதான்.

இப்படிப்பட்டவரின் சொந்தக் கார் எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள். இருபத்திரண்டு வயது. ஒரு காலத்தில் வெள்ளை. சின்னக் கல்லின் மேல் ஏறினால்கூடச் சமையலறையில் நாலு பேர் பாத்திரத்தை உருட்டுவது போலச் சத்தம் வரும். வருகிறவர்களின் கார்களுக்கே நேரம் போதவில்லை, வீட்டுக் கார் எங்கே ஓடிவிடப் போகிறது என்று விட்டிருந்தார்.

அக்காவை வீட்டுக்கு அழைத்து வந்த பிறகுதான் அது தப்பு என்று உறைத்தது.

அக்கா அவரைவிடப் பத்து வயது மூத்தவள். முப்பத்தோரு வருடம் பஸ் கண்டக்டர். ஓடும் பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நின்றபடி டிக்கெட் கிழிப்பாள். அவள் குரல் கொடுத்தால் படிக்கட்டில் தொங்குகிறவர்கள் தாமாகவே உள்ளே போய்விடுவார்கள். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டவர்களிடம், "தினம் ஆயிரம் பேரை மேய்க்கிறேன், வீட்டுலயும் ஒருத்தனா?" என்று வாயை அடைத்துவிடுவாள். ஓய்வுபெற்ற மூன்றாம் வருடம் இடுப்பு வலி வந்தது. உட்கார்ந்து பழக்கமில்லாததால் வந்த வலி என்று அவளே முடிவுசெய்து ஆறு மாதம் தள்ளிப்போட்டாள். கடைசியில் படம் எடுத்துப் பார்த்தபோது புற்றுநோய் முதுகெலும்பு வரைக்கும் போயிருந்தது.

டாக்டர் காதைத் தனியாக அழைத்துப் பேசினார். "வாரத்துக்கு மூணு நாள் வரணும். நோயைத் தீர்க்க இல்ல, வலியைக் குறைக்கத்தான். எலும்பு ரொம்ப பலவீனமா இருக்கு. முடிஞ்சவரைக்கும் குலுங்காம கூட்டிட்டு வாங்க."

மற்றது எதுவும் காதின் கையில் இல்லை. குலுங்காமல் என்பது மட்டும் இருந்தது. அதை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

முதல் நாள் அக்கா பின் சீட்டில் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்து உட்கார்ந்து, முன் சீட்டின் முதுகில் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினாள். "போலாம், ரைட்!"

தெரு முனை திரும்புவதற்குள், "டேய், இது காரா, தகர டப்பாவா? என் பஸ்ஸே தேவலைடா" என்றாள். காதுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஊருக்கெல்லாம் தீர்ப்பு சொல்கிறவர், சொந்த அக்காவை லொடலொடவென்று உருட்டிக்கொண்டு போகிறார்.

சனிக்கிழமை பட்டறைக்கு வந்த கார்களை எல்லாம் திருப்பி அனுப்பினார். தன் காரின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் அழுத்திவிட்டுப் பார்த்தார். ஷாக் அப்சார்பர் நன்றாக இருந்தால் வண்டி ஒருமுறை எழும்பி நின்றுவிடும். இது மூன்று முறை எழுந்து உட்கார்ந்தது. உள்ளே இருந்த எண்ணெய் எப்போதோ கசிந்து, தூசியோடு சேர்ந்து மேலெல்லாம் பிசுக்காக அப்பியிருந்தது. ஜாக்கி போட்டுச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். சக்கரத்தைக் கீழ் ஆர்மோடு பிணைக்கும் பால் ஜாயிண்ட் கடகடவென்று ஆடியது. கீழ் ஆர்முக்கும் சட்டத்துக்கும் நடுவே கம்பியைக் கொடுத்து நெம்பினார். குலுக்கலை வாங்கிக்கொள்ள அங்கே இருக்கும் புஷ்ஷின் ரப்பர் வாய் பிளந்தது. வேறு யாராவது இப்படி ஒரு காரைக் கொண்டுவந்திருந்தால் காது அவரை நிற்கவைத்துத் திட்டியிருப்பார். இங்கே யாரைத் திட்டுவது?

உதிரி பாகக் கடைக்காரருக்கு அந்த வட்டாரத்தில் 'நாளைக்கு' என்று பெயர். எதைக் கேட்டாலும் நாளைக்கு வரும் என்பார். அன்று என்னவோ காதின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளறையைக் குடைந்து, ஷாக் அப்சார்பர், பால் ஜாயிண்ட், புஷ் எல்லாம் எடுத்துக் கொடுத்தார். லிங்க் ராட் மட்டும் இல்லை. "பழைய மாடலாச்சே. நாளைக்கு வந்துடும்."

வளைவில் கார் சாயாமல் பிடிக்க முன்பக்கம் குறுக்கே ஒரு கம்பி உண்டு. அதைச் சக்கரத்தின் பக்கத்தோடு இணைக்கும் ஒரு சாண் தண்டுதான் லிங்க் ராட். அது தேய்ந்தால் சத்தம் ஊரைக் கூட்டும், ஆனால் குலுக்காது. அதனால் காது அதைக் கடைசிக்கு விட்டார். துருப்பிடித்துக் கெட்டித்துப்போன போல்ட்டுகளைச் சூடுகாட்டி, எண்ணெய் விட்டு, கையில் தோல் உரிய ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பின்தெருவில் ஓட்டினார். லிங்க் ராட் மட்டும் தன்னந்தனியாக லொடலொடத்தது. மற்றபடி வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியதே தெரியவில்லை.

திங்கட்கிழமை அக்காவை ஏற்றிக்கொண்டு போனபோது வேறு ஒரு சத்தம் கேட்டது.

லிங்க் ராடின் இரைச்சலுக்கு அடியில் அது இருந்தது. சக்கரம் பள்ளத்தை விட்டு ஏறிய பிறகு, அரை நொடி பிந்தி, தாழ்ந்து, இழுத்து, அடங்கியது. ரப்பர் நசுங்குகிற சத்தம். பின்பக்கமிருந்து வந்தது. பின் அச்சின் புஷ் என்று காது அந்த நிமிடமே தீர்மானித்துவிட்டார். "என்னடா, தலையைச் சாய்ச்சு சாய்ச்சு கேக்குற?" என்றாள் அக்கா. "ஒண்ணுமில்லக்கா, பின்னாடி ஒரு புஷ் போயிருக்கு. மாத்திடுறேன்" என்றார்.

மாற்றினார். தனியாக ஓட்டியபோது லிங்க் ராட் மட்டும்தான் லொடலொடத்தது, அந்தச் சத்தம் இல்லை. புதன்கிழமை அக்கா ஏறியதும் மறுபடி வந்தது.

அப்படியானால் பின் சீட்டில் எடை ஏறினால்தான் வரும் சத்தம் அது. அக்காவின் எடை நாற்பத்தாறு கிலோ, ஆஸ்பத்திரி அட்டையில் எழுதியிருந்தது. நாற்பத்தாறு கிலோ மணலை இரண்டு மூட்டையாகக் கட்டிப் பின் சீட்டில் வைத்து ஓட்டினார். சத்தம் இல்லை. மூட்டை நடுவில் இருந்ததால் இருக்கும் என்று, அக்கா உட்காரும் பக்கமாகத் தள்ளிவைத்து ஓட்டினார். இல்லை. மணல் அசையாது, மனுஷர் அசைவார்கள் என்று யோசித்து மனைவியைக் கூப்பிட்டார்.

"ரெண்டு வருஷம் கழிச்சு என்னை வெளியே கூட்டிட்டுப் போறீங்க. அதுவும் மணல் மூட்டைக்குப் பதிலா" என்றாள் மனைவி. பேசக் கூடாது என்று காது விரலைக் காட்டினார். மூன்று பள்ளமும் தாண்டியாயிற்று. லிங்க் ராடைத் தவிர வேறு சத்தமே இல்லை.

"உங்க அக்காவைப் பாத்தீங்களா?" என்றாள் மனைவி, பேசலாம் என்று அனுமதி கிடைத்ததும். "ஒரு வார்த்தை வலின்னு சொல்ல மாட்டேங்குறாங்க. புரட்டிப் படுக்க வைக்கிறேன், குளிக்க வைக்கிறேன், கல்லு மாதிரி இருக்காங்க. எனக்குத்தான் பயமா இருக்கு."

"அக்கா அப்படித்தான். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்" என்றார் காது. அவர் காது முழுக்கப் பின் அச்சில் இருந்தது. அந்த நேரத்தில் மனைவி சொன்னதைக் கொஞ்சம் காதில் போட்டுக்கொண்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

வெள்ளிக்கிழமையும் சத்தம் வந்தது. இருபத்தைந்து வருடத்தில் அவருக்குப் பிடிபடாமல் போன முதல் சத்தம். சாப்பிட உட்கார்ந்தால் அதே நினைப்பு. பின் ஷாக் அப்சார்பர்களையும் மாற்றினார். அவற்றின் மேலே உட்காரும் ரப்பர்களையும் மாற்றினார். சீட்டையே கழற்றி அடியில் பார்த்தார். எதுவும் இல்லை. இது என் அக்காவைக் குத்துகிற ஏதோ ஒன்று, இதைக்கூடக் கண்டுபிடிக்க முடியாத நான் என்ன மெக்கானிக் என்று தன்னையே நொந்துகொண்டார்.

அடுத்த ஞாயிறு அதிசயமாக 'நாளைக்கு' தானே பட்டறைக்கு வந்து லிங்க் ராடைக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு நட்டு, கால் மணி நேர வேலை. பழையதைக் கழிவுத் தகர டப்பாவில் வீசிவிட்டுப் புதியதைப் பூட்டினார். ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி டாஷ்போர்டில் வைத்துப் பின்தெரு முழுக்க ஓட்டினார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. ஒரு சத்தமும் இல்லை. கார் வாங்கிய நாளில்கூட அது அப்படி ஓடியதில்லை.

திங்கட்கிழமை அக்கா சீட்டைத் தட்டினாள். "போலாம், ரைட்." முதல் பள்ளம் வந்தது. காது மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். ஒன்றுமில்லை. இரண்டாவது பள்ளம். ஒன்றுமில்லை. அந்த ரப்பர் சத்தமும் போயே போய்விட்டது! எப்படிப் போனது என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஜெயித்தாயிற்று. முகமெல்லாம் பல்லாக, "பாத்தியாக்கா?" என்று கண்ணாடியில் பின்னால் பார்த்தார்.

அக்கா சேலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண் இரண்டும் இறுக மூடியிருந்தன. கன்னத்தில் ஈரம்.

காது வண்டியை ஓரங்கட்டினார். அரை நொடி பிந்தி வந்த சத்தம். மணல் மூட்டைக்கு வராத சத்தம். எத்தனை புஷ், எத்தனை ரப்பர், எத்தனை போல்ட்!

அக்கா தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள். "ஏன்டா நிறுத்திட்ட?"

"அக்கா... இவ்வளவு நாளா அது நீயா?"

அவள் வெளியே பார்த்தாள். பிறகு மெதுவாக, "வீட்டுல சுவரெல்லாம் மெல்லிசு. உன் பொண்டாட்டி பாவம், நான் கொஞ்சம் அசைஞ்சாலே எந்திரிச்சு ஓடி வரா. ஆஸ்பத்திரியில வரிசையா ஆளுங்க. இந்தக் காருலதான்டா, அந்த லொடலொடாவுல, கொஞ்சம் முனகிக்கிட்டு வந்தேன்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள். "நீதான் அதையும் ரிப்பேர் பண்ணிட்டியே."

"குலுங்குதாக்கா இன்னும்?"

"வண்டி பூ மாதிரி போகுது. வண்டி என்னடா பண்ணும்? எடு, நேரமாகுது."

ஆஸ்பத்திரியில் அவளைச் சிகிச்சைக்கு உள்ளே அழைத்துப் போனதும் காது காரில் வந்து உட்கார்ந்தார். ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். மாற்றுவதற்கு இனி இந்த வண்டியில் ஒரு நட்டுகூட மிச்சமில்லை. தேய்ந்துபோயிருப்பது வேறு. அதை ஜாக்கி போட்டுத் தூக்க முடியாது, நெம்பிப் பார்க்க முடியாது, 'நாளைக்கு'விடம் போய்க் கேட்க முடியாது. தெரிந்த தொழில் எல்லாம் செய்துமுடித்தும் அக்காவின் வலியில் ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை. சிகிச்சை முடிந்து அக்கா வெளியே வந்தபோது முகத்தைக் கழுவிக்கொண்டு வாசலில் நின்றார். திரும்பும் வழியில் எல்லாப் பள்ளத்திலும் கார் ஊமையாக ஓடியது. பின் சீட்டில் அக்கா தலைப்பைக் கடித்துக்கொண்டே வந்தாள்.

அன்று மத்தியானமே காது பட்டறைக்குப் போனார். கழிவுத் தகர டப்பாவைக் கவிழ்த்தார். பழைய லிங்க் ராடைத் தேடி எடுத்துத் துணியால் துடைத்து, முனையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். நன்றாக ஆடியது. புதியதைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றி மேல் தட்டில் வைத்துவிட்டுப் பழையதைப் பூட்டினார்.

புதன்கிழமை அக்கா வழக்கம்போலச் சீட்டைத் தட்டினாள். கார் பின்தெருவில் திரும்பி முதல் பள்ளத்தில் இறங்கியதும் லொடலொடவென்று முழங்கியது. அக்கா நிமிர்ந்து கண்ணாடியில் தம்பியைப் பார்த்தாள். தம்பி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடா, மறுபடியும் ஏதோ சத்தம் கேக்குது?"

"லிங்க் ராடுக்கா. போயிடுச்சு போலிருக்கு."

"எப்ப மாத்துவ?"

"கடையில இல்லையாம். நாளைக்கு வருமாம்."

"அவன் நாளைக்கு என்னிக்கு வந்திருக்கு" என்றாள் அக்கா. "மெதுவா வரட்டும்." தலைப்பை மடியில் விரித்துவிட்டுச் சாய்ந்துகொண்டாள்.

இரண்டாவது பள்ளம் வந்தது. இரைச்சலுக்கு அடியில், அரை நொடி பிந்தி, அது வந்தது. இந்த முறை அடங்க அவசரப்படவில்லை. காது நான்கு கண்ணாடிகளையும் ஏற்றினார். முதல்முறையாக ரேடியோவைப் போட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்தார். அப்படியும் அவருக்குக் கேட்டது.