யூஃப்ரேசியா ஆணி அடிக்காத கூரை

யூஃப்ரேசியா கஃபி வேண்டுமென்றே தன் வீட்டுக் கூரைக்கு ஆணி அடிக்காமல் வைத்திருக்கிறாள், அடுத்த சூறாவளி அதைத் தூக்கிக்கொண்டு போகட்டும் என்று காத்திருக்கிறாள். இப்படி ஒரு பேச்சு ஆகஸ்ட் மாதத்திலேயே எங்கள் ஊரில் கிளம்பிவிட்டது. ரம் கடையில் கேட்டேன், கோவில் வாசலில் கேட்டேன், பஸ்ஸிலும் கேட்டேன். மூன்று இடத்திலும் வார்த்தை மாறாமல் ஒரே மாதிரி சொன்னார்கள். அதனால்தான் சந்தேகம் வந்தது. உண்மையில் நடந்த எதையும் இந்த டொமினிக்கா தீவில் இரண்டு பேர் ஒரே மாதிரி சொன்னதில்லை.

காரணமும் கூடவே வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் வந்த பெரிய சூறாவளிக்குப் பிறகு, எங்கிருந்தோ ஒரு நிவாரணக் கூட்டம் பெயின்ட் டப்பாவோடு வந்து வீடு வீடாகப் பார்த்தது. கூரை முழுசாகப் போன வீட்டின் சுவரில் சிவப்புப் புள்ளி. அதற்குப் புதுக் கூரை. பாதி போன வீட்டுக்கு மஞ்சள் புள்ளி. அதற்கு ஒரு தார்ப்பாய். கூரை நிற்கிற வீட்டுக்குப் பச்சைப் புள்ளி. அதற்கு ஒரு புன்னகை. யூஃப்ரேசியாவுக்குக் கிடைத்தது மஞ்சள். இந்த முறை சிவப்பு வாங்கத்தான் ஆணி அடிக்காமல் இருக்கிறாள் என்பது ஊர் முடிவு.

பத்திரிகைக்கு எழுதுகிறவன் நான், நேரில் விசாரிக்கப் பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். யூஃப்ரேசியா அங்கேதான் பொரித்த ரொட்டியும் உப்புக் கருவாடும் சூடான கொக்கோவும் விற்கிறார். வயது ஐம்பத்திரண்டு. விடியும் முன் எழுந்து மாவு பிசைந்து பிசைந்து தோள் இரண்டும் முன்னால் வளைந்துவிட்டன. கேட்டதற்கு அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எண்ணெயைப் பார்த்தபடியே சொன்னார்:

"காத்திருக்கேனாமா? காத்திருக்க எனக்கு எங்க பேப்பர்காரரே நேரம்?"

அவருடைய வாழ்க்கையைக் கூரை கூரையாகச் சொல்லலாம். அவர் பிறந்தது ஒரு பள்ளிக்கூடத்தில். புயலுக்கு ஒதுங்கிய சனங்களுக்கு நடுவே, கரும்பலகைக்குக் கீழே. அப்பா போட்ட மர ஓட்டுக் கூரையை ஒரு காற்று கொண்டுபோனது. கல்யாணத்துக்குப் போட்ட தகரக் கூரையை இன்னொன்று கொண்டுபோனது. அதைத் திரும்பப் போடப் பணம் சம்பாதித்து வருகிறேன் என்று குவாதலூப்புக்குப் படகேறிய கணவர் அங்கேயே ஒரு கூரைக்குக் கீழே தங்கிவிட்டார். மூன்றாவது கூரையை யூஃப்ரேசியாவே ரொட்டி விற்றுப் போட்டார். பெரிய சூறாவளி அதைக் கடலில் சேர்த்தது.

அந்தச் சூறாவளிக்கு மறுநாள் காலை ஊரே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தது. யூஃப்ரேசியாவுக்கு உட்காரத் தெரியாது. முற்றத்தில் வந்து விழுந்து கிடந்த யாருடைய தகரங்களையோ இழுத்து மேலே ஏற்றினார். ஆணி எந்தக் கடையிலும் இல்லை. கயிற்றால் கட்டி, கல்லும் பழைய டயரும் வைத்தார். வீட்டைக் கழுவினார். பெயின்ட்காரர்கள் வந்தபோது தலைக்கு மேல் கூரை இருந்தது, தரை பளபளத்தது. மஞ்சள்.

அதே நாளில் மேட்டு வீட்டு அன்ஸெல்ம் லாரோந்து செய்தது என்ன? கூரை போன வீட்டின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மழை வந்தால் குடை பிடித்தார். பெயின்ட்காரர்கள் வரும்வரை ஒரு துரும்பை நகர்த்தவில்லை. சிவப்பு கிடைத்தது, புதுக் கூரையும் வந்தது. எங்கள் ஊரில் கூரை போட யாரும் கூலி வாங்குவதில்லை. எல்லோரும் ஒரு நாள் கை கொடுப்பார்கள், வீட்டுக்காரர் பின்னால் அவரவருக்கு ஒரு நாள் கை கொடுத்துத் தீர்க்க வேண்டும். அன்ஸெல்ம் வீட்டுக் கூரைக்காக யூஃப்ரேசியா நாள் முழுக்கக் கறிப்பலாவும் சேப்பங்கிழங்கும் அவித்துப் போட்டார், ஏணி பிடித்தார். அந்த ஒரு நாளை அன்ஸெல்ம் இன்னும் திருப்பவில்லை. கேட்டால் முதுகு வலிக்கிறது என்பார்.

அன்ஸெல்ம், யூஃப்ரேசியாவின் மகளுக்கு ஞானத்தகப்பன். அந்த உறவுக்கு இங்கே மரியாதை அதிகம். அந்த முறைக்கு யூஃப்ரேசியா அவரைக் கொம்பே என்பார், அவர் இவரைக் கொம்மே என்பார், இருவருக்கும் இடையில் நீங்க, வாங்கதான். புதுக் கூரை ஏறிய மறுநாள் அன்ஸெல்ம் மேட்டிலிருந்து கீழே பார்த்து, யூஃப்ரேசியா தலைக்கு மேல் இருக்கும் நீலத் தகரங்கள் தன்னுடையவை என்று கண்டுபிடித்தார்.

"வெச்சுக்கங்க கொம்மே. ஆனா ஆணி மட்டும் அடிக்காதீங்க. புதுசா ஓட்டை விழுந்தா நாளைக்குக் கோழிக்கூண்டுக்கு ஆகாது" என்றாராம்.

தகரங்களில் ஏற்கெனவே இருந்த ஆணி ஓட்டைகள் அன்ஸெல்ம் வீட்டு மரச்சட்டங்களுக்குச் சரியாக வரும், யூஃப்ரேசியா வீட்டுச் சட்டங்களுக்கு வராது. மகளின் ஞானத்தகப்பனிடம் அவர் சண்டை போடுகிறவரும் இல்லை. புதுத் தகரம் வாங்கலாமென்றால் அடுப்பு முந்திக்கொண்டது, பிறகு மகளின் படிப்பு முந்திக்கொண்டது. இரண்டு வருஷமாகக் கூரையின் மேல் டயர்கள் இருந்தன. ஆணிகள் ஒரு பால் டப்பாவில் இருந்தன. ஆக, ஊர்ப் பேச்சில் பாதி உண்மைதான். ஆணி அடிக்கவில்லை. காத்திருக்கவும் இல்லை.

செப்டம்பர் கடைசியில் ஒன்று வந்தது. எல்லாம் வருகிற வழியில்தான் வந்தது. ஆப்பிரிக்கக் கரையில் யாரும் கவனிக்காத இடிமழையாகப் பிறந்தது. சூடான கடலைக் குடித்துக் குடித்து மேற்கே நகர்ந்தது. கொஞ்சம் சுழல ஆரம்பித்ததும் காற்றழுத்தத் தாழ்வு என்று ஒரு எண் கொடுத்தார்கள். இன்னும் வேகம் வந்ததும் புயல் என்று ஏற்றிவிட்டு வெர்னன் என்று பெயர் வைத்தார்கள். அடுத்த பதவி சூறாவளி. வெர்னனுக்கு அது கிடைக்கவில்லை. மேல்காற்று எதிர்த்து அடித்ததில் மேகமெல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. ரேடியோக்காரரின் குரலிலேயே மரியாதை குறைந்துவிட்டது. சூறாவளியைப் பார்த்தவர்கள் நாங்கள். வெறும் புயலுக்கு ஜன்னலைச் சாத்துவதே கௌரவக் குறைச்சல். ரம் கடையில் விளக்கு எரிந்தது, சீட்டு விளையாடினார்கள்.

யூஃப்ரேசியா அன்று மதியமே கடையைக் கட்டிவிட்டு மேடு ஏறி அன்ஸெல்மிடம் போனார். ஒரு ராத்திரிக்கு மட்டும் ஆணி அடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். அன்ஸெல்ம் புதுக் கூரைக்குக் கீழே நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"இது வெறும் புயல் கொம்மே. இதுக்குக் கயிறே ஜாஸ்தி."

யூஃப்ரேசியா இறங்கி வந்து பால் டப்பாவை எடுத்தார். ஏணியைப் பிடித்தது நான், அதனால் இது கேள்விப்பட்ட செய்தி இல்லை. மேலே ஏறியவர் முதல் ஆணியைத் தகரத்தின் மேல் வைத்துப் பிடித்தார். பிறகு சொன்னார்:

"நாலாவது கூரையும் போச்சுன்னா அஞ்சாவது போட எனக்குத் தெம்பு இல்ல. கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்."

அடித்தார். வரிசை கோணல்மாணலாகத்தான் வந்தது. வெளிச்சம் போகும்வரை அடித்தார்.

காற்று வந்து தகரத்தின் மேல் ஆடு நடந்ததுபோல் தடதடத்துவிட்டுப் போனது. ஊர் சிரித்தது. அதற்குப் பிறகுதான் வெர்னன் தன் வேலையைத் தொடங்கியது. நகராமல் தீவின் மேல் உட்கார்ந்துகொண்டு கொட்டியது. விடிந்தும் கொட்டியது, மதியமும் கொட்டியது. ஆறு பாலத்தைத் தேடி வந்து தள்ளியது. வாழைத்தோட்டங்கள் வேரோடு நடந்து கடலுக்குப் போயின. சாயங்காலம் மேட்டின் பின்புறம் தளர்ந்து, சேறாகி, அன்ஸெல்ம் வீட்டுப் பின்கதவு வழியாக உள்ளே வந்து முன்கதவு வழியாக எட்டிப் பார்த்தது. அன்ஸெல்ம் எப்படியோ வெளியே வந்துவிட்டார். நாற்காலியைத் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்தபடி யூஃப்ரேசியா வீட்டுக் கதவைத் தட்டினார். கதவு திறந்தது.

மழை விட்டதும் மேட்டைப் பார்த்தோம். ஜன்னல்வரை செம்மண் நிரம்பிய வீட்டின் மேல் புதுக் கூரை வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. அதில் ஒரு ஆணிகூட அசையவில்லை.

யூஃப்ரேசியா வீட்டிலும் முழங்கால் அளவு சேறு. அடுப்பு போயிற்று, மாவு போயிற்று. ஊர் முழுக்க வந்து ஒரே புத்தி சொல்லிவிட்டுப் போனது: பெயின்ட்காரர்கள் வரும்வரை எதையும் தொடாதே. அவரும் தலையாட்டினார். இரண்டு நாள் அந்தச் சேற்றைத் தாண்டித் தாண்டி நடந்தார். படுக்கை மேல் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் காலை நான் போனபோது தேங்காய் மட்டையால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"சேத்துல நின்னுக்கிட்டு மாவு பிசைய முடியுமா? வருவாங்க வருவாங்கன்னு பார்த்துக்கிட்டிருக்கிறதுதான் கழுவுறதவிட அலுப்பா இருக்கு."

அன்று மதியமே பெயின்ட்காரர்கள் வந்தார்கள். இளம் பெண் ஒருத்தி, கண்ணாடி போட்டவள், நல்லவள்தான். ஈரம் காயும் தரையைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், சேதம் எங்கே என்று கேட்டாள். யூஃப்ரேசியா எங்கேயோ இரவல் வாங்கிய அடுப்பில் காய்ச்சிய கொக்கோவை அவளுக்குக் கொடுத்தார். பச்சைப் புள்ளி. அடுத்து மேட்டுக்குப் போனாள். தன்னைப் பார்க்கச் சொன்னது கூரையை மட்டும்தான் என்று அன்ஸெல்மிடம் வருத்தத்தோடு சொன்னாள். அங்கேயும் பச்சை. சுவரில் சேறு படியாத இடம் தேடி, கூரை விளிம்புக்குக் கீழே வைத்தாள்.

வெர்னன் அதற்குள் வடக்கே போய்க் குளிர்ந்த கடலில் சுழற்சி தளர்ந்து, பெயரை இழந்து, எங்கோ ஒரு மீன்பிடித் துறைமுகத்தின் மேல் தூறலாகி முடிந்துவிட்டதாக ரேடியோ சொன்னது. சாவுச் செய்தி மூன்று வரி.

அன்ஸெல்ம் இப்போது யூஃப்ரேசியா வீட்டு முன்னறையில் படுக்கிறார். இதைப் பற்றி ஊரில் புதுப் பேச்சு ஒன்று கிளம்பியிருக்கிறது. அதை விசாரிக்க நான் போகப்போவதில்லை. நேற்று ரொட்டி வாங்க அவர் வீட்டுக்கே போனபோது மழை பெய்தது. ஆணி போட்ட ஓட்டைகள் வழியாக உள்ளே சொட்டியது. அன்ஸெல்ம் மல்லாந்து படுத்துத் தன் நீலத் தகரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொம்மே, புது ஓட்டை போட மாட்டேன்னு ஒத்துக்கிட்டுத்தான் இந்தத் தகரத்தை வாங்கினீங்க. எனக்குப் புது ஓட்டையில்லாத தகரம் பாக்கி இருக்கு."

"எனக்கு ஒரு நாள் வேலை பாக்கி இருக்கு கொம்பே. அந்த வேலைய இன்னைக்கே தீர்த்துடுங்க. மேல ஏறித் தாரு பூசுங்க. உங்க தகரமும் ஒழுகாது."

அன்ஸெல்ம் யோசித்தார். முதுகு வலிக்கிறது என்றார். நாளைக்குப் பார்க்கலாம் என்றார். பிறகு மெத்தையைச் சொட்டு விழாத பக்கமாகக் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.