தண்டில் நிற்காத எலிகள்

கருமாதி முடிந்த மறுநாள் காலையில், பையைக் கட்டிக்கொண்டிருந்த சொர்ணவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டாள் அழகம்மாள்.

“ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்க மதினி. ஒங்களப் பார்த்தா அவரு இருக்க மாதிரி இருக்கு.”

சொர்ணவல்லி பையை இறக்கி வைத்தாள். இறந்துபோன கண்ணுசாமி அவளுடைய தம்பி; அழகம்மாளின் புருஷன். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு வலிப்பு. அவன் விழுந்து விழுந்து எழுவதைப் பார்த்து வளர்ந்ததால்தான் அவள் வேதியியல் படித்து, புதுக்கோட்டையில் ஓர் ஆய்வகத்தில் வலிப்புக்குப் புது மருந்து தேடப் போனாள். பழைய மருந்தின் மூலக்கூறில் ஒரு வளையத்தை மாற்றி அவள் உண்டாக்கிய வெள்ளைத் தூள், எலிகளுக்கு வலிப்பு வராமல் தடுத்தது. பத்திரிகையில் படம் வந்தது. கட்டுமாவடிக் கடற்கரையிலிருந்து தம்பி போன் செய்தான்.

“எலியக் கொல்லத்தான் ஊரு மருந்து வைக்கும். நீ என்னக்கா பொழைக்க வைக்கிற?”

“போடா, அடுத்து ஒனக்குத்தான்.”

“சீக்கிரம் குடு. இந்த மாத்திரையப் போட்டா வலையப் பிடிச்சுக்கிட்டே தூங்கிர்றேன்.”

“கொஞ்சம் பொறு. நம்ம மருந்து வந்துட்டா அதத் தூக்கிப் போட்டுரலாம்.”

சந்தோஷத்தில் வந்த பேச்சு. அடுத்த சோதனையில், தூள் கொடுத்த எலிகள் நிதானம் பார்க்கச் சுழலவிடும் தண்டின்மேல் நிற்க முடியாமல் பொத்துப் பொத்தென்று விழுந்தன. கால்கள் பின்னிக்கொண்டன. அந்தத் தூளை அதோடு கைவிட்டார்கள். தம்பியோ அதற்குள் அக்காவின் மருந்து வருகிறதென்று கரையெல்லாம் சொல்லிவைத்திருந்தான். தோற்றதைச் சொன்னால் கேலி செய்வானே என்று வெட்கம். தீபாவளிக்குப் போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள்.

தீபாவளிக்கு முன்பே அவன் வலிப்பு வந்து படகிலிருந்து விழுந்தான். “ஒங்க மருந்து வருதுன்னுதானே மதினி மாத்திரைய விட்டாரு, அதுக்குள்ள போயிட்டாரே” என்று அழகம்மாள் அவள் தோளில் விழுந்து அழுதபோதும் சொர்ணவல்லி வாய் திறக்கவில்லை.

வாசலில் பீட்டர் வந்து நின்றான். கண்ணுசாமியோடு ஒரே படகில் போனவன். கையில் இந்த வீட்டுப் பங்கு மீன். அழகம்மாள் வாங்கி அரிவாள்மனையில் உட்கார்ந்தாள்.

“அக்கா, ஒங்க மருந்து எப்ப வரும்? எனக்கும் அந்தச் சீக்குதான். அவன் சொல்லித்தான் நானும் மாத்திரைய விட்டுட்டேன்.”

“அது வர்ற வரைக்கும் மாத்திரையப் போடு பீட்டரு.”

“ஐயோ, தூக்கமா வருதுக்கா. இத்தன நாளு இருந்துட்டேன், இன்னும் கொஞ்ச நாளுதானே.” சிரித்தான்.

தம்பியின் அதே சிரிப்பு.

“மருந்து வராது,” என்றாள் சொர்ணவல்லி. “சரியா வரல. எலியெல்லாம் விழுந்துருச்சு. இன்னைக்கே மாத்திரையப் போடு.”

“எப்பத் தெரியும்?” கேட்டது பீட்டர் இல்லை.

“அவன் இருக்கும்போதே.”

அழகம்மாள் குனிந்த தலை நிமிராமல் கையிலிருந்த மீனை அறுத்து முடித்தாள். பிறகு பீட்டரிடம் சொன்னாள்:

“மாத்திரையப் போட்டுக்கங்கண்ணே. போறப்ப மதினியையும் பஸ்ல ஏத்தி விட்டுருங்க.”