அரபு எழுத்தில் ஒரு சப்டைட்டில்

சுத்தமாகப் படிக்கத் தெரியாத எழுத்தில் நீங்கள் சப்டைட்டில் போட்டிருக்கிறீர்களா? நான் போட்டேன். எல்லாம் தெரிந்தவன் மாதிரி வேறு.

கூட்டாளி உத்தமபாளையத்துக்காரன். காலேஜில் என் பக்கத்து பெஞ்ச். போன மாதம் ராயப்பன்பட்டிக்கு பைக்கில் வந்து ஒரு டிவிடியை நீட்டினான். சவுதியில் இருக்கும் அவன் அண்ணன், கட்டிலில் உட்கார்ந்து கேமராவைப் பார்த்து அம்மாவிடம் இருபது நிமிடம் பேசி அனுப்பியது. அம்மாவுக்கு இரண்டு வருடமாகக் காது கேட்காது. போனில் பேச வழியில்லை.

"என்ன சொல்றான்னு அம்மா கேட்டுச்சு. நல்லா இருக்காகளாம்னு காதுக்குள்ள கத்துனேன். நல்லா இருக்கேன்னு சொல்றதுக்கா இருவது நிமிசம்னு திட்டுது."

"எழுதிக் குடுக்க வேண்டியதுதானடா?"

"அதுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதுல்ல மாப்ள."

அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. சின்ன வயதில் மதரசாவில் அரபு எழுத்து கற்றவர். தமிழையே அரபு எழுத்தில் எழுதினால் சரளமாகப் படிப்பார். அவர் அம்மா காலத்துப் புத்தகங்கள் அப்படித்தானாம். சரி, அதையே பேப்பரில் எழுதிக் கொடு என்றேன். அதையும் கேட்டுப் பார்த்துவிட்டான். "பேப்பரப் படிச்சா அவன் மூஞ்சிய எப்பப் பாக்குறது?" என்றாராம்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் "அம்புட்டுத்தானா, போட்ருவோம்" என்று வாய் சொல்லிவிட்டது.

டிவிடியை ஹார்ட் டிஸ்கில் இறக்கினேன். அது வரைக்கும் நான் புலி. முன்பு ஒரு சினிமா டிவிடியிலிருந்து சப்டைட்டிலை மட்டும் உருவி நோட்பேடில் திறந்தபோது பூச்சி பூச்சியாக வந்தது. டிவிடியில் சப்டைட்டில் எழுத்தே இல்லையாம், ஒவ்வொரு வரியும் ஒரு படமாம். எழுத்தை எதற்குப் படமாக வைக்கிறார்கள் என்று மண்டை காய்ந்து, விட்டுவிட்டேன்.

அம்மாவிடமே அந்த எழுத்தைக் கற்றிருந்த கூட்டாளி ஒரு ஞாயிறு முழுக்க என் வீட்டில் உட்கார்ந்து, அண்ணன் பேசியதை நோட்பேடில் வரிவரியாக அரபு எழுத்தில் தட்டினான். கர்சர் வலமிருந்து இடமாக ஓடியதைப் பார்த்தே எனக்குத் தலை சுற்றியது. அவன் ஊருக்குப் போன பிறகு, வீடியோவோடு எழுத்தை ஒட்டி கன்வெர்ட்டுக்குப் போட்டேன். ஆறு மணி நேரம். பாதியில் கரண்ட் போய் முதலிலிருந்து இன்னொரு ஆறு. முடிந்ததும் பார்த்தால் வெள்ளை எழுத்து தனித்தனியாக, இடைவெளி விட்டு, பளிச்சென்று நின்றது. எவ்வளவு தெளிவு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

டிஸ்க்கை எடுத்துக்கொண்டு உத்தமபாளையம் போனேன். அம்மா டிவிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தார். அண்ணன் பேச ஆரம்பித்தார். அம்மா திரையில் விரலை வைத்தார், எடுத்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி வைத்தார்.

"ஏம்ப்பா, எழுத்தெல்லாம் சண்ட போட்டுக்கிட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம நிக்குது. முதல் எழுத்து கடைசில கெடக்கு!" காது கேட்காததால் தெருவுக்கே கேட்கச் சொன்னார்.

கூட்டாளி எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். "ஏலே, அரபு எழுத்துன்னா கைகோத்துக்கிட்டு வரணும்டா. தனித்தனியா நிக்க விட்ருக்க, வரியவும் திருப்பிப் போட்ருக்க. நீ தனியா கம்ப்யூட்டர் கோர்ஸ் வேற படிச்சியேடா?"

"நோட்பேடுல நல்லாத்தானடா இருந்துச்சு!"

"அப்ப நோட்பேடத் தூக்கிட்டு வந்து டிவில ஒட்டு."

அம்மா எங்களைத் திட்டவில்லை. சத்தமில்லாமல் வாயை அசைத்துக்கொண்டிருந்த மகனையே கடைசி நிமிடம் வரை பார்த்தார். பிறகு டிஸ்க்கை அவரே கவரில் போட்டு என் கையில் கொடுத்தார். "சரி பண்ணிக் கொண்டாப்பா" என்றார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

ஃபான்ட்டை மாற்றினேன், சாப்ட்வேரை மாற்றினேன். ஒன்றில் எழுத்து ஒட்டியது, வரி திரும்பவில்லை. இன்னொன்றில் எல்லாம் கேள்விக்குறி. ஒரு வாரம் கழித்துத்தான் அந்தப் பழைய பூச்சிகள் ஞாபகம் வந்தன. சப்டைட்டில் படமாகவே இருக்கலாம் என்றால், அதைக் கம்ப்யூட்டர் ஏன் எழுத வேண்டும்?

கூட்டாளியைக் கூப்பிட்டு ஸ்கெட்ச் பேனாவைக் கொடுத்தேன். இருநூறு வரிக்கு மேல் கையால் எழுதினான். பிரவுசிங் சென்டரில் ஸ்கேன் பண்ணி, ஒவ்வொரு வரியாக வெட்டி, அண்ணன் வாயசைக்கும் இடத்தில் வைத்தேன். எது எந்த வரி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவன் போட்டுக் கொடுத்த நம்பரை நம்பித்தான் வைத்திருக்கிறேன்.

இன்று காலை கன்வெர்ட்டுக்குப் போட்டேன். முடியட்டும், கொண்டுவருகிறேன் என்று சொல்லியும் கேட்காமல் அம்மா பஸ் ஏறி வந்துவிட்டார். என் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். தினமும் நாலு மணிக்குக் கரண்ட் போகும். இப்போது மணி மூன்று நாற்பது, எண்பத்தொன்பது சதவீதம் ஓடியிருக்கிறது.