பஞ்சுக்கை சிஸ்டர்

பிளாஸ்திரியின் ஒரு முனையை உள்பக்கம் மடித்து ஒட்டிவிட்டுத்தான் சிஸ்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்வார். நாளைக்கு உரிக்கும்போது பிடித்துக்கொள்ள ஒரு நுனி வேண்டுமே. உரிப்பதைப் பார்க்க வேண்டும். எண்ணெய் நனைத்த பஞ்சால் ஓரத்தை ஊறவைத்து, ஒரு விரலால் தோலை அழுத்திப் பிடித்து, முடி சாய்ந்த திசையிலேயே மெல்லச் சுருட்டிக்கொண்டு போவார். "மேல தூக்கி இழுத்தீங்கன்னா தோலும் கூடவே கிளம்பி வந்துடும்" என்பது புது நர்ஸ்களுக்கு அவர் சொல்லும் முதல் வார்த்தை. நோயாளிகள் வைத்த பெயர் பஞ்சுக்கை.

வீட்டிலும் இதே கதைதான். புதுத் தட்டில் ஒட்டிய லேபிளைக்கூட எண்ணெய் தொட்டுத்தான் எடுப்பார். "ஆபரேஷன் முடிஞ்சுதா? சாப்பாடு போடலாமா?" என்பார் கணவர்.

அப்பேர்ப்பட்டவர்தான் போன செவ்வாய்க்கிழமை அவசரப்பட்டார். இரண்டு நர்ஸ்கள் லீவு. டாக்டர் வார்டு வாசலுக்கே வந்துவிட்டார். ஒன்பதாம் கட்டிலில் ஒரு பெரியவர், பழைய லாரி டிரைவர். பக்கவாதத்தில் வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. அந்த வலது கையில் ட்ரிப்ஸ் ஊசிமேல் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை சிஸ்டர் ஒரே இழுப்பாக இழுத்தார். வெங்காயச் சருகு போலத் தோல் அதோடு வந்துவிட்டது.

"என்னாச்சு?" என்றார் டாக்டர்.

"இடது கையால சொறிஞ்சுட்டார் போலிருக்கு, டாக்டர்." யோசிக்கும் முன்பே வாய் சொல்லிவிட்டது.

"அப்ப அந்தக் கைக்கு உறை கட்டுங்க."

கட்டியதும் சிஸ்டர்தான். சாயங்காலம் வந்த மகள், "சின்னக் குழந்தையாப்பா நீங்க? கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா?" என்று கடிந்துகொண்டாள். பெரியவர் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் சொல்லவில்லை, பாருங்கள். இருபத்திரண்டு வருஷம் சம்பாதித்த பெயர் ஆயிற்றே.

இரண்டு நாள் பெரியவர் மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் தலையை ஆட்டித்தான் விரட்டினார். அந்தக் கட்டிலைத் தாண்டும்போதெல்லாம் சிஸ்டர் கையிலிருந்த மருந்துத் தட்டையே பார்த்துக்கொண்டு நடந்தார். வெட்கக்கேடு.

மூன்றாம் நாள் காலை, டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு நேராக ஒன்பதாம் கட்டிலுக்கு வந்தார். மகள் அப்பாவுக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்க அப்பா சொறியலம்மா. நான்தான் அவசரத்துல பிச்சு இழுத்துட்டேன். பழிய அவர் மேல போட்டுட்டேன்."

மகள் கையில் கரண்டி அப்படியே நின்றது. "உங்கள நம்பி அவரத் திட்டினேனே, சிஸ்டர்" என்றாள்.

சிஸ்டர் உறையை அவிழ்த்தார். விடுபட்ட கை நேரே மூக்குக்குப் போனது. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு, ஆற அமரச் சொறிந்தார். அவர் முடிக்கும்வரை சிஸ்டர் தலை குனிந்து நின்றுகொண்டிருந்தார்.