சோதனைக்கு ஒரு நம்பர்

தேவசேனாவின் அப்பா கன்னையாவுக்குக் காது கேட்காது. நகரியில் முப்பது வருஷம் விசைத்தறி ஓட்டியவருக்கு வேறென்ன மிஞ்சும்? போனில் பேசிப் பயனில்லை, எழுத்துக்கூட்டிப் படிக்கவும் வராது. அதனால் பெங்களூருக்கு வேலைக்கு வந்த மகள் ஒரு வழி கண்டுபிடித்தாள்.

திருப்பதி விடுதிகளில் அறை பதிவு செய்யும் இணையதளம் ஒன்றில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். நான் சித்தூர்க்காரி, அவளுக்கு அடுத்த மேஜை. தளம் இரண்டு இடத்தில் ஓடும். ஒன்று நாங்கள் சோதித்துப் பார்க்க, இன்னொன்று ஜனங்களுக்கு. எந்த சர்வரோடு பேச வேண்டும், அறை உறுதி என்ற எஸ்எம்எஸ் யாருக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் ஒரு சின்ன ஃபைலில் இருக்கும். சோதனை ஃபைலில் யாராவது ஒருவருடைய நம்பரைப் போட்டாக வேண்டும். அவள் அப்பாவின் நம்பரைப் போட்டாள். இங்கே அவள் சோதிக்கும்போதெல்லாம் அங்கே அவர் சட்டைப் பையில் போன் அதிரும். பெண் வேலையில் இருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். எனக்கு அது கிறுக்குத்தனமாகப் பட்டது.

புது மாற்றங்களை ஜனங்களுடைய தளத்தில் ஏற்றும் முன் ஃபைலைக் கையால் மாற்றி வைப்பது எங்கள் வழக்கம். கேவலமான வழக்கம். தானாக மாறும்படி எழுத இரண்டு நாள் போதும், ஆனால் கேட்டபோதெல்லாம் மேனேஜர் "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்பார். 2015இல் ஒரு வெள்ளிக்கிழமை அவள் மாற்ற மறந்துவிட்டாள். மதியம் வரை வந்த நூற்றுப் பன்னிரண்டு பதிவுகளும் சோதனை சர்வரில் போய் விழுந்தன. திருப்பதி மலையடிவாரத்தில், அலிபிரியில், குடும்பம் குடும்பமாக மூட்டையோடு நின்றார்கள், அறை இல்லை. செய்திகள் அத்தனையும் கன்னையாவின் பையில்.

சாயங்காலம் அவரே கூப்பிட்டார். பதில் கேட்காது என்பதால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

"இன்னிக்கு ரொம்ப வேலையாம்மா? வந்துகினே இருந்துச்சு. போய் எதுனா துன்னு."

திங்கட்கிழமை அவளை அனுப்பிவிட்டார்கள். அவள் அழவில்லை. அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்து, இரண்டு தடவை நகர்த்தி வைத்தாள்.

வேலை போனதைவிட அப்பாவிடம் சொல்வதுதான் அவளுக்குப் பயம். அவரிடம் கத்தித்தான் சொல்ல வேண்டும், தறிக் கொட்டகையே கேட்கும். போன் அதிராமல் போனால் தானாகவே புரிந்துகொள்வார் என்று நினைத்து ஹாஸ்டலில் மூன்று வாரம் சும்மா கிடந்தாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலை பஸ் ஏறினாள்.

அவள் வேலை என் தலையில் விழுந்திருந்தது. சோதனை ஃபைலை யாரும் தொடவில்லை, நானும்தான். தினமும் ஏழெட்டு தடவை சோதித்தேன். அந்த நம்பர் கண்ணில் பட்டது, மாற்றத் தோன்றவில்லை. அந்த நாட்களில் எனக்கு எதுவுமே தோன்றவில்லை. அடுத்தது யார் என்று எல்லோரும் குனிந்த தலை நிமிராமல் இருந்தோம்.

நடந்ததை அவள்தான் பிறகு என்னிடம் சொன்னாள். பதினோரு மணிக்குக் கொட்டகைக்குள் போனாளாம். கன்னையா தறியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"இன்னாம்மா, லீவா?"

கத்துவதற்கு அவள் வாயைத் திறந்தபோது அவர் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மறுபடி அதிர்ந்தது.

"நீ இங்க கீற. இது யாரும்மா?"

அவள் கத்தினாள். பக்கத்துத் தறிகளும் நின்றன. அவர் தலையை ஆட்டினார்.

"இருவது நாளா இத்த நம்பித்தான் தூங்கிகினு இருந்தேன்."

அவள் இதை என்னிடம் கோபமில்லாமல்தான் சொன்னாள். திட்டியிருக்கலாம். அந்தச் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு நான் இரண்டு அறை பதிவு செய்து பார்த்தேன். இரண்டும் சரியாக வேலை செய்தன.