காட்டூர் ஃபீடர்

துணை மின்நிலையத்தில் நான் பயிற்சிக்குப் போனபோது அங்கே ஓர் அக்கா ஆபரேட்டராக இருந்தார். அவர் கண் எப்போதும் அதிர்வெண் மீட்டரிலேயே இருக்கும். அது ஐம்பது ஹெர்ட்ஸிலிருந்து சரிந்தால், ஏதாவதொரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஃபீடரை உடனே நிறுத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் மொத்த மின்தொகுப்பும் குலையும். அவர் எப்போதும் தன் வீடிருக்கும் காட்டூரைத்தான் முதலில் நிறுத்துவார்.

"ஏன்க்கா, உங்க ஏரியாவையே?"

"ஊர்க்காரங்க திட்டுனா பதில் சொல்லணும். வீட்டுக்காரர் திட்டுனா டிவி சத்தத்தக் கூட்டிக்கலாம்."

"கரண்ட் இல்லாம டிவியா?"

சிரித்தார்.

ஒருநாள் அவர் மகளுக்கு ஆன்லைனில் வேலை இண்டர்வியூ. அந்நேரம் பார்த்து மீட்டர் சரிந்தது.

"இன்னிக்காவது ஸ்ரீரங்கத்த நிறுத்துங்கக்கா," என்றேன்.

"அங்கயும் ஒரு பொண்ணு இண்டர்வியூல உக்காந்திருக்கும்மா," என்று காட்டூர் சுவிட்சைத் திருப்பினார். மீட்டர் ஐம்பதுக்குத் திரும்பும்வரை அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். எந்த ஃபீடரை நிறுத்தினாலும் தொகுப்பு நிலைக்கும் என்று கணக்கிட்டுக் காட்டுவேன். அன்று சுவிட்சைத் திருப்பிய அக்காவின் கை ஏன் தயங்கவில்லை என்பது மட்டும் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.